‘எனக்கும் வராது சார்’

கீழ்விளாகம்,
நன்னிலம் வட்டம்.
14.9.2025

மரியாதைக்குரிய சுடர்விழி டீச்சருக்கு,

செல்லதுரை வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. முதலில் இந்த எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரி மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் போய் விழுகிறது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா துரும்பாக இருக்கிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது, தளர்த்தினால் நழுவி ஓடுகிறது. இவ்வளவு எழுதவே நேற்று மாலை முழுக்கப் போயிற்று. ஆனால் யாரையும் கேட்காமல் எழுதினேன்.

போன் செய்தால் எடுக்க மாட்டேன், கடிதம் எழுதினால்தான் பதில் என்று பஸ் ஏறும்போது சொன்னீர்களே, அன்று எனக்குக் கோபம்தான். இப்போது இல்லை. போனில் கேட்டால் நீங்கள் ‘நல்லாருக்கேன் ஐயா’ என்று ஒரே சொல்லில் தப்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

ஒரு சேதி. போன வாரம் ரேஷன் கடை முன்னால் ஒரு கூட்டம் வெயிலில் நின்றது. நானும் பழக்கத்தில் போய் நின்றேன். பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். இன்று பொருள் கிடையாது என்று இருந்தது. சொன்னேன். ‘உனக்கு யார் சொன்னா?’ என்று பக்கத்தில் நின்ற சிங்காரவேலு கேட்டான். ‘எழுதியிருக்கு’ என்றேன். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன் டீச்சர். கால் தரையில் பாவவில்லை.

நீங்கள் அனுப்பிய புத்தகக் கட்டு வந்தது. அட்டையில் உங்கள் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தோம். வகுப்பை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விளக்கைப் போட்டு நாங்களே உட்கார்ந்துகொள்கிறோம். தங்கம்மாள் வழக்கம்போலக் கடைசி வரிசை. கண் எழுத்தைப் பார்க்கும் முன்னால் வாய் சொல்லிவிடும், அதே ஆள்தான்.

புனேயில் உங்களுக்கு எதற்காகப் பணம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுதுங்கள். இங்கே வாய்க்காலில் தண்ணீர் இன்று வரும் நாளை வரும் என்கிறார்கள். எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
செல்லதுரை

*

புனே,
25.9.2025

அன்புள்ள செல்லதுரை ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் காட்டினேன். யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் வரிசையாக வாங்கிப் பார்த்தார்கள். மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் விழுந்தாலும் ஒரு வரிகூடத் தடுமாறவில்லை.

ஊருக்கு இப்படிச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மொழி ஆசிரியர்கள் சிலரை ஓர் அறக்கட்டளை தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் உதவித்தொகை கொடுத்து, ஒன்றாக வைத்திருக்கிறது. மராத்திக்காரர் இருக்கிறார், ஒடிசாக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், நாகூரிலிருந்து ஷிஃபா வந்து போகிறாள். அவளும் நானும் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கிறோம், சண்டை போடுகிறோம், மறுநாள் சேர்ந்து எழுதுகிறோம். பதினோரு வருடம் பள்ளியில் இருந்து நான் கற்காததை இந்த மூன்று மாதத்தில் கற்றேன் என்றால் பொய்யில்லை. ஆனால் தூக்கம் சரியில்லை. எல்லோரும் என்னைவிட ஓர் அடி முன்னால் போவது போலவே இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பவை நான் இங்கே எழுதிய புத்தகத்தின் மாதிரிப் படிகள். சொற்கள் தாளத்தோடு விழுகின்றன என்று பாராட்டினார்கள். நவம்பர் முதல் வாரம் இரண்டு பேர் உங்கள் வகுப்பைப் பார்க்க வருவார்கள். அவர்கள் சொல்வதை வைத்துத்தான் ஜனவரியில் முடிவு. சரி என்றால் புத்தகம் அச்சாகும், டெல்டாவில் பல ஊர்களுக்குப் போகும், அந்த வேலையை நான் நடத்துவேன். இல்லையென்றால் ஜூனோடு முடிந்தது. பழையபடி பள்ளிக்கூடம்.

எல்லோரும் படிக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இரண்டொருவர் தெரியாத ஒரு வரியைத் தாமாகப் படித்தால் போதும். நீங்கள் இருக்கிறீர்கள், எனக்குப் பயமில்லை.

அக்டோபர் முழுக்க ஒடிசாவில் அந்த அம்மாவின் கிராமங்களில் இருப்பேன். நவம்பர் பாதியில்தான் திரும்புவேன். கடிதங்கள் இங்கே எனக்காகக் காத்திருக்கும்.

அன்புடன்,
சுடர்விழி

*

கீழ்விளாகம்,
26.10.2025

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

தீபாவளி நல்லபடி கழிந்தது. தண்ணீர் வந்தது, நாற்று பறித்தோம், நடவு முடிந்தது. இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதுகிறேன். வருகிறவர்களைப் பற்றி நீங்கள் கொஞ்சமும் கவலைப்பட வேண்டாம்.

நடவு வந்ததும் வகுப்பு நின்றுபோனது. பொழுதெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற பெண்களை மாலையில் வந்து உட்கார் என்றால் எப்படி உட்காருவார்கள்? வந்தவர்களும் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நவம்பர் வந்துவிடுகிறதே, டீச்சர் பிழைப்பு இவர்கள் கையில் அல்லவா இருக்கிறது என்று மடைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

வழி சொன்னது தங்கம்மாள்தான். ‘பள்ளிக்கூடம் வயலுக்கு வரட்டுமேண்ணே’ என்றாள். மறுநாள் நாற்றுக்கட்டு தூக்கிப்போட்ட கையோடு புத்தகத்தை எடுத்து வரப்பில் நின்றேன். முதல் பாடத்தை உரக்கப் படித்தேன்.

‘வாய்க்கால் நிறைஞ்சு வருது தண்ணி, வரப்பு மேலே நடக்குறா பொன்னி.’

நான் படித்து வாய் மூடவில்லை, தங்கம்மாள் அதை ராகத்தில் எடுத்துவிட்டாள். நடவுப் பாட்டுக்கு அவள்தானே முன்கை. அவள் ஒரு வரி போட, மற்றவர்கள் குனிந்தபடியே அதை வாங்கிப் பாட, கை தானாக நட்டுக்கொண்டு போனது. உங்கள் வரிகள் நடவுக்கென்றே செய்தவை போல இருக்கின்றன டீச்சர். எங்கும் இடறவில்லை. கிழக்கு வயலில் முதல் பாடம், மேட்டு வயலில் அடுத்தது என்று நடவு முடிந்தபோது புத்தகமும் முடிந்துவிட்டது. சாலையில் போன மினி பஸ்ஸை நிறுத்தி டிரைவர் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது யாரை எழுப்பிக் கேட்டாலும் புத்தகம் முழுக்கச் சொல்கிறார்கள். எவரும் தடுமாறவில்லை. வருகிறவர்கள் வரட்டும். எந்த உடை உடுத்துவது என்பதில் மட்டும்தான் இங்கே இன்னும் சண்டை.

உங்கள் புத்தகம் ஊர் ஊராகப் போகட்டும். நீங்கள் அப்படிப் போனால் எங்கள் வகுப்புக்கு வருவீர்களா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதக் கூடாது என்றிருந்தேன், கை எழுதிவிட்டது.

இப்படிக்கு,
செல்லதுரை

*

கீழ்விளாகம்,
9.11.2025

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

வந்தார்கள், போனார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தமிழ் தெரிந்தவர் தியாகேசன் சார். கூட ஒரு வடநாட்டு அம்மா. இருவரும் நல்ல மனிதர்கள்தான். தரையில் எங்களோடு உட்கார்ந்தார்கள். சார் புத்தகத்தைத் திறந்து தங்கம்மாளிடம் கொடுத்து, படிக்கச் சொன்னார்.

அவள் புத்தகத்தைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து ஆரம்பித்தாள். வயலில் போலவே கணீரென்ற குரல். பின்வரிசை அந்த வரியை அப்படியே வாங்கிப் பாடியது. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு சார் எழுந்து வந்து, அவள் கையில் இருந்த புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினார். ‘இங்கேருந்து படிங்கம்மா’ என்றார். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இன்னொரு பக்கம் புரட்டினார். அவள் அடுத்த வரிக்குப் போனாள். புத்தகத்தை மெல்ல மூடினார். அப்போதும் நிற்கவில்லை. வரிசை கரை சேராமல் பாட்டை நிறுத்துவது எங்கள் நடவில் கிடையாது டீச்சர். எல்லோரும் பாடி முடித்தார்கள்.

சார் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். புத்தகத்தில் இல்லாத வரி. அவர் எழுதி முடிக்கும் முன்பே நான் மனதுக்குள் படித்துவிட்டேன். ‘ஆற்றில் மீன் துள்ளியது.’ அவ்வளவுதான், சின்ன வரி.

தங்கம்மாளைப் படிக்கச் சொன்னார். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பேசாமல் இருந்து இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டாள். தங்கம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்துவிட்டது.

சார் என் பக்கம் திரும்பினார்.

‘ஐயா, நீங்க படிங்க.’

அந்த வரி என் நாக்கில் இருந்தது. உங்கள் முகமும் நினைவுக்கு வந்தது. நான் படித்தால் அவள் ஒருத்தி மட்டும்தான் படிக்காதவளாக அந்த அறையில் நிற்பாள் என்றும் தோன்றியது.

‘எனக்கும் வராது சார்’ என்றேன்.

சார் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து தங்கம்மாள் வகுப்புக்கு வரவில்லை. என்னைக் கண்டால் வேறு வரப்பில் திரும்பிவிடுகிறாள். பாவம், அவமானம். உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் என்றாலும் எழுதுங்கள்.

செல்லதுரை

*

புனே,
20.11.2025

செல்லதுரை ஐயாவுக்கு,

ஒடிசாவிலிருந்து வந்ததும் உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. வயலில் பாடிப் படித்ததை எழுதியிருந்தீர்களே, அதை அன்றே பார்த்திருந்தால் போன் எடுக்க மாட்டேன் என்ற என் பிடிவாதத்தை விட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டிருப்பேன்.

தியாகேசன் சாரின் அறிக்கை எனக்கு முன்பே வந்துவிட்டது. ‘கற்பவர்கள் நூலை மனப்பாடம் செய்துள்ளனர். வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் காண முடியவில்லை.’

ஒரு வரி ஐயா. நீங்கள் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். அவர்கள் பாடியதற்கு நான் ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பேன். உங்களைக் காட்டி நின்றிருப்பேன். உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்பது இந்த உலகத்தில் நான் செய்த வேலைக்கு ஒரே சாட்சி. அந்தச் சாட்சி எழுந்து, தெரியாது என்று சொல்லிவிட்டது.

இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

சுடர்விழி

*

கீழ்விளாகம்,
7.12.2025

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியில் எப்போதும் வரும் ‘அன்புடன்’ இல்லை. முன்பெல்லாம் இது எனக்குத் தெரிந்திருக்காது. யாராவது படித்துச் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

மழை விடாமல் பெய்து பயிர் மூழ்கி, வடிந்து, மறுபடி மூழ்கியது. வடிகாலை வெட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறோம். தபால்காரர் தியாகராஜபுரம் பாலத்தோடு திரும்பிவிடுகிறார். நான் அங்கே போய் நிற்கிறேன். எனக்கு எதுவும் இல்லை என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

நான் செய்தது உங்களுக்குத் தீங்கு. அது தெரிகிறது. ஆனால் அந்த நேரம் திரும்ப வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பதில் வரவில்லை. வரப்பில் நின்று அவளுக்கு வரி எடுத்துக்கொடுத்தது நான். அவள் மாட்டிக்கொண்டபோது நான் மட்டும் தப்பித்துப் போக முடியவில்லை. ஒருவேளை என் மனதில் ஒரு ஓரத்தில், நீங்கள் தோற்றால் எங்களிடம் வந்துவிடுவீர்கள் என்றும் இருந்ததோ என்னவோ. அப்படி இல்லை என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். எழுத வரவில்லை.

வகுப்புக்கு இப்போது நானும் இன்னும் இரண்டு பேரும்தான். விளக்கைப் போடுகிறேன். அணைக்கிறேன்.

செல்லதுரை

*

புனே,
18.1.2026

அன்புள்ள செல்லதுரை ஐயாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால். கோபம் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் அதை நீங்கள் மட்டும் சுமப்பது நியாயமில்லை.

போன வாரம் அறக்கட்டளைக் குழுவின் முன்னால் உட்கார்ந்தேன். அறிக்கையை மறுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். நடவு, பாட்டு, நீங்கள் வரப்பில் நின்றது, ‘எனக்கும் வராது சார்.’ இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். புத்தகத்துக்குப் பணம் கிடையாது என்று மறுநாள் கடிதம் வந்தது.

அவர்கள் செய்தது சரி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒடிசாவில் அந்த அம்மா யாரையும் சேர்ந்து சொல்ல விடமாட்டார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தாள் கொடுப்பார். வகுப்பே திக்கித் திணறும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இது என்ன வகுப்பு என்று முதலில் முகம் சுளித்தேன். பிறகு என் வகுப்பு நினைவுக்கு வந்தது. நான் ஒரு வரி சொல்வேன், எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், அறை அதிரும், எல்லோருக்கும் தெரியும் என்று நம்பிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். பதினோரு வருடம். பாடுவதற்கு வாகாகப் புத்தகம் எழுதியவளும் நான்தான். தங்கம்மாள் அக்கா நான் கொடுத்ததைத்தான் பாடினார்.

இப்போது வேறொரு சேதி. அந்த அம்மா தன் திட்டத்தில் என்னையும் ஷிஃபாவையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறார். மூன்று வருடம். புவனேஸ்வரத்தில் இருக்க வேண்டும். புத்தகமே இல்லாமல், கற்பவர்களின் சொற்களிலிருந்தே தொடங்கும் வேலை. என் பெயர் முன்னால் இருக்காது, நான் கூட வேலை செய்கிறவள். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு போட வேண்டும். பிப்ரவரி பாதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மனம் அதில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வகுப்பைப் பாதியில், தலைகுனிவில் விட்டுவிட்டு நான் மட்டும் மேலே ஏறுகிறேன் என்று குத்துகிறது. ஊருக்கு வந்து, முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வேறு எதுவும் என்றும் தோன்றுகிறது. வந்துவிடட்டுமா ஐயா? உங்களிடம்தான் கேட்கிறேன். இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஷிஃபா ஊரில் இருக்கிறாள். ஒரு ஞாயிறு அங்கே வருவாள்.

அன்புடன்,
சுடர்விழி

*

கீழ்விளாகம்,
1.2.2026

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

கடிதம் வந்த அன்றே ஊரெல்லாம் சொல்லியனுப்பினேன். டீச்சர் எழுதியிருக்கிறார் என்றதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். தங்கம்மாளும் வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

முழுக்கப் படித்தேன். எனக்குச் சங்கடமான இடத்தை முழுங்கலாமா என்று பார்த்தேன், முழுங்கவில்லை. உங்கள் பழைய கடிதத்தையும், அந்த ‘சாட்சி’ என்ற வரியையும் சேர்த்தே படித்தேன். தங்கம்மாள் அழுவாள், நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து உள்ளே வந்தாள்.

‘ஏண்ணே, வரப்புல நின்னு வாய் கிழியப் படிச்சவன் நீ. ஊருக்கே தெரியும். அன்னைக்கு ஊமையா நின்னியே, உன்ன யாரு கேட்டா?’

அவள் மானத்துக்காகத்தான் என்றேன்.

‘எம் மானத்த நான் பாத்துக்குவேன். எனக்கு வரலைன்னா வரலை, அதுக்கு டீச்சர் கைய ஒடிப்பியா? நடவுல ஒருத்தி பின்தங்குனா எல்லாரும் கூடவா நிப்போம்? பக்கத்துக்காரி ரெண்டு முடி நாத்த அவ பங்குல நட்டுக் குடுத்துட்டு முன்னாடி போவா. நின்னா எவ வயலு முடியும்?’

இத்தனை நாள் அவள் வேறு வரப்பில் திரும்பியது வெட்கத்தால் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் திரும்பியிருக்கிறாள். சிங்காரவேலு மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஷிஃபா டீச்சர் நாகூரிலிருந்து வந்தார். சின்ன உருவம், சிரிக்கவே மாட்டார். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு சுவரைப் பார்த்து உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு உதவாது. எல்லோரும் நடுங்கிப்போனார்கள். வெற்றிலை போட வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று இரண்டு பேர் எழுந்து போனார்கள். தங்கம்மாள் போகவில்லை. அவள் தாளில் என்ன இருந்தது என்று எனக்கு எட்டவில்லை. உதடு அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது. வியர்வை கழுத்தில் ஓடியது. டீ வந்து ஆறிப்போன பிறகு, ‘கதவு’ என்றாள். கொஞ்சம் கழித்து, ‘கதவு தெறந்திருக்கு’ என்றாள். வயலில் கணீரென்று பாடுகிறவளுக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பது எங்களுக்குத் தெரியாது. யாரும் அதை வாங்கிச் சொல்லவில்லை.

தியாகேசன் சாருக்கு நான் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஷிஃபா டீச்சர் விலாசம் கொடுத்தார். அன்று பலகையில் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும் சார், படிக்கத் தெரிந்தே படிக்கவில்லை என்று எழுதி, அந்த வரியையும் எழுதினேன். முடிவு மாறும் என்று நினைத்து எழுதவில்லை. அறிக்கையில் இருப்பது பொய், அதைச் சொன்னவன் நான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ‘வந்துவிடுங்கள்’ என்று எழுதினேன். அடித்தேன். வேறு தாளில் எழுதி அதையும் கிழித்தேன். பிறகு வகுப்பிலேயே கேட்டேன். பாதிப்பேர் வரட்டும் என்றார்கள். தங்கம்மாள் மட்டும், ‘டீச்சர் இங்க வந்து நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா நாம திரும்பப் பாடத்தான் செய்வோம். அவங்க வரிசை எங்க இருக்கோ அங்க நடட்டும்’ என்றாள்.

அதனால் போங்கள் டீச்சர். புவனேஸ்வரமோ என்னவோ, போய் அந்த அம்மாவோடு வேலை செய்யுங்கள். ஷிஃபா டீச்சர் புறப்படும் வரை ஞாயிறுதோறும் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நாங்கள் உட்கார்ந்துகொள்வோம். சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன். அப்படித் தெரியவில்லை என்றால் அது என் கையின் குறை.

அடுத்த வாரம் எழுதுகிறேன். அறுப்புக்கு மெஷின் வரும் வாரம், ஆனாலும் எழுதுவேன். அந்த உறைக்குள் என் தாளோடு இன்னொரு தாள் மடித்து, பசை போட்டு ஒட்டியிருக்கும். தங்கம்மாள் எழுதப்போகிறாள். என்ன எழுதுவாய் என்று கேட்டேன். ‘உனக்கு எதுக்கு? டீச்சருக்குத்தான எழுதுறேன்’ என்றாள். நீங்களே பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
செல்லதுரை